மக்டலீனுக்குக் கிடைக்காத துவக்கு

மக்டலீனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை என்று என் மனைவி ஞானமலர் சொல்கிறாள். சரிதான். ஆனால் தகுதி உள்ளவர்கள் யாரும் எழுதப்போவதில்லை. ஒஸ்லோத் தமிழர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்: மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், ரொம்சோஸ் மாடிவீட்டில் இருப்பவர், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, கணவர் அருட்செல்வம் பஸ் ஓட்டுகிறார், சனிக்கிழமைக் கலியாணம் எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை. தாலி கட்டி முடிந்து சனம் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, தலைமயிர் கொஞ்சம் கலைந்து, சேறு படிந்த சப்பாத்தோடு வந்து நிற்பார். கேட்டால் "வேலை" என்பார். பொய். காட்டுக்குள் படுத்துக் கிடந்து துவக்குச் சுட்டுவிட்டு வருகிறார்.

துப்பாக்கிக்கு எங்கள் ஊரில் துவக்கு என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லும்போது எங்கள் ஆட்களுக்குத் தானாகவே குரல் இறங்கிவிடும். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். அதைக் கையில் எடுத்துச் சும்மா ஒரு குறிமட்டையைப் பார்த்துச் சுட்டுவிட்டு, துடைத்து உறைக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற ஒருவர் எங்களுக்குள் இருப்பார் என்று யார் கண்டது? அதுவும் நாற்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளின் தாய்.

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு நுனியை மக்டலீனும் மறு நுனியைத் தூரிட் என்ற நோர்வேஜியப் பெண்ணும் பன்னிரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் வாய் குறைவு. 2003ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருநாள் தூரிட், தன் தோள்மூட்டு தேய்ந்துவிட்டது, இனித் தன்னால் சுட முடியாது, பெரியப்பாவின் பழைய துவக்கு இனி அலுமாரிக்குள்தான் என்று சொல்லிக் கண் கலங்கியிருக்கிறாள். "என்ன துவக்கு?" என்று மக்டலீன் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வருடத்தில் வேலையைப் பற்றி இல்லாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாம்.

நோர்வேஜியர் அதைக் 'கிராக்' என்பார்கள். கொங்ஸ்பெர்க் ஊரில் செய்த பழைய இராணுவத் துவக்கு. அப்போதே வயது நூறை எட்டிக்கொண்டிருந்தது. அதன் வலப்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. கதவைத் திறந்து ஐந்து ரவையை, அதாவது தோட்டாவை, உள்ளே போட்டுச் சாத்தினால் போதும். இப்படிப் பழைய துவக்குகளைப் பேணி வைத்து மட்டைக்குச் சுடுகிற ஒரு சின்னக் கழகம் ரொம்சோஸுக்குப் பின்னால் உள்ள காட்டுக்குள் சனிக்கிழமைகளில் கூடும். எல்லாரும் தச்சர், ஆசிரியர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று சாதாரண சனம். சுடும் நேரத்தைவிடக் கோப்பி குடிக்கும் நேரம் அதிகம்.

தூரிட் அங்கே மக்டலீனைக் கூட்டிப்போனாள். மக்டலீன் குளிர்கோட்டோடு பாயில் குப்புறப் படுத்து, துவக்கை வாங்கியதும் முதல் வேலையாக அதைத் திறந்து உள்ளே ரவை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். குழலை ஒருவர் பக்கமும் திருப்பவில்லை. இந்த அம்மா புதுசு இல்லை என்று கழகத் தலைவருக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. பத்து வெடிக்கு நூற்றில் எண்பத்தெட்டுப் புள்ளி. மட்டைக்குக் கீழே குழிக்குள் நின்று புள்ளி காட்டுகிறவர் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாராம்.

அருட்செல்வம் நல்ல மனிதர். "போய்ச் சுட்டுப்போட்டு வாரும். ஆனா எங்கடை சனத்துக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்" என்று மட்டும் சொன்னாராம்.

அப்படி ஒன்றரை வருடம். பனி மூடிய வாரங்கள் தவிர எல்லாச் சனிக்கிழமையும் அந்தக் கிராக்தான். கழகத்தில் வேறு துவக்குகளும் இருந்தன, நல்லவை. அவற்றை மக்டலீன் தொடமாட்டார். 2005 தொடக்கத்தில் தூரிட் வேலையை விட்டுவிட்டு வடக்கே தன் தங்கையோடு போய் இருப்பதென்று முடிவெடுத்தாள். துவக்கை மக்டலீனின் பெயருக்கு மாற்றிக் கொடுக்க விரும்பினாள். பேர்கனில் ஒரு சேகரிப்பாளர் அதைக் கேட்டு இரண்டு முறை கடிதம் போட்டிருந்தார். "அவர் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார். நீ சுடுவாய்" என்றாளாம். ஆனால் பொலிஸ் அனுமதி வேண்டும். அதுவும் தூரிட் போகும் யூன் மாதத்துக்கு முன்னால் வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

என் பெயர் சோதிலிங்கம். தொழில் மொழிபெயர்ப்பு. நோர்வேஜியர் அதைத் 'தொல்க்' என்பார்கள், எங்கள் ஆட்களும் அப்படியே சொல்வார்கள். சோதி தொல்க் என்றால் நாங்கள் இருக்கும் புருசெத்தில் தெரியாத தமிழர் இல்லை. டொக்டரிடமும் நீதிமன்றத்திலும் பள்ளிக்கூடத்திலும் சனத்தின் வாயாக இருந்தவன். தெரிந்தவர்களுக்குத் தொல்க் செய்யக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்த விதிப்படி நடந்தால் நான் வீட்டில் குந்திக்கொண்டுதான் இருக்கவேண்டும். இன்னொரு விதி, சொன்னதைச் சொல்லவேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இந்த விதியை நான் மீறியதே இல்லை என்று பெருமை அடித்துத் திரிந்தேன். தமிழில் தீவகம், வன்னி, மன்னார், மட்டக்களப்பு என்று எந்தப் பேச்சும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றும் சொல்வேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

மார்ச் மாதம் பொலிஸில் இருந்து மக்டலீனை நேரில் கதைக்கக் கூப்பிட்டார்கள். தொல்க்காக என்னைக் கூப்பிட்டார்கள். அறைக்குள் போகும்வரை ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. விண்ணப்பம் எதற்கு என்று கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. மக்டலீனா? துவக்கா? அவர் என்னைக் கண்டதும் சிரித்தார். தெரிந்த முகம் வந்ததில் அவருக்கு ஆறுதல்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் பெண் அதிகாரி, மரியாதையானவள். எங்கே வைப்பீர்கள், இரும்பு அலுமாரி உண்டா, எந்தத் துவக்கு என்று கேட்டாள். "அந்த ஒண்டுதான் வேணும். வேறை துவக்கு எனக்குத் தேவையில்லை" என்றார் மக்டலீன். அதை ஒழுங்காகச் சொன்னேன். பிறகு அவள், நோர்வேக்கு வருவதற்கு முன் சுட்டுப் பழக்கம் உண்டா, யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டாள்.

மக்டலீன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "ஓம். ஊரிலை எங்கடை பெடியளோடைதான் சுட்டுப் பழகினனான்."

எங்கடை பெடியள்! எங்கள் ஊர்களில் அந்தக் காலத்தில் பெடியள் என்றால் யார் என்று குழந்தைக்கும் தெரியும். அது ஆயுதம் ஏந்திய இயக்கம். வேறு அர்த்தம் எனக்குத் தோன்றவே இல்லை. இந்தப் பெண் பொலிஸ் அறைக்குள் இருந்துகொண்டு, தான் இயக்கத்தோடு ஆயுதம் பழகியதாகச் சிரித்த முகத்தோடு சொல்கிறாள் என்றே நினைத்தேன். துவக்கு கிடக்கட்டும், இந்த நாட்டில் இருப்பதற்கே உலை வைத்துக்கொள்கிறாளே என்று பதறினேன். இன்றைக்கு யோசித்தால், சொல்லைச் சொல்லாகவே 'எங்கள் பையன்கள்' என்று சொல்லியிருந்தால் போதும். அந்த அதிகாரிக்கு அதில் ஒரு குற்றமும் தெரிந்திருக்காது. யார் அந்தப் பையன்கள் என்று கேட்டிருப்பாள், மக்டலீன் சொல்லியிருப்பார், கதை முடிந்திருக்கும். நான்தான் அதிகம் தெரிந்தவன் ஆயிற்றே.

"நோர்வேக்கு வருமுன் தான் துவக்கைத் தொட்டதில்லை என்கிறார்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

அதிகாரி தன் முன்னால் இருந்த தாள்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒருபோதும் இல்லையா?" என்று கேட்டாள்.

மக்டலீன் பக்கம் திரும்பிக் கேட்கவேண்டியது என் கடமை. நான் திரும்பவில்லை. "அல்ரி" என்று நானே பதில் சொன்னேன். ஒருபோதும் இல்லை என்பதற்கு அவர்களின் சொல் அது.

மக்டலீன் என்னைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். பார்வை என் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் "நன்றி அண்ணை" என்றார். நான் ஒரு உயிரைக் காப்பாற்றிய நினைப்பில் குறொன்லாண்டில் இறங்கி, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஞானமலரிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. இரகசியம் காக்கிறேனாம்!

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு பின்னேரம் மக்டலீன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கடிதம். "அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று தந்துவிட்டு, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கக் கடிதம். கழகத் தலைவர் விண்ணப்பத்தோடு ஒரு சிபாரிசுக் கடிதம் வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அதில் அவர் எழுதியிருந்தாராம்: இவர் சிறுமியாக இருக்கும்போதே தன் மூன்று சகோதரர்களிடம் சுடப் பழகியவர். அவர்கள் தகப்பனின் பெயரில் அனுமதி பெற்ற துவக்கோடு நெல்வயலைப் பன்றிகளிடம் இருந்து காவல் காத்தவர்கள். வரப்பில் தகரப் பேணியை வைத்து இவருக்குப் பழக்கினார்கள். இவரைப்போலக் கவனமான கை எங்கள் கழகத்தில் வேறு இல்லை.

சகோதரர்கள். எங்கடை பெடியள். எங்கள் வீடுகளில் காலங்காலமாக அண்ணன் தம்பியைத்தானே அப்படிச் சொல்லி வந்தோம். என் அம்மாவே எங்களை அப்படித்தான் சொன்னவர். ஒரு இருபது வருடத்து யுத்தத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த வீட்டு அர்த்தத்தை நான் மறந்துவிட்டிருக்கிறேன். மொழியே பிழைப்பாக இருந்தவன்!

கடிதத்தின் மிச்சத்தை மனதுக்குள் வாசித்தேன். கழகம் சொல்வதும் விண்ணப்பதாரர் நேரில் சொன்னதும் முரணாக இருக்கின்றன, ஆகவே நம்பகத்தன்மை இல்லை, அனுமதி இல்லை. மூன்று கிழமைக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

"என்ன போட்டிருக்கு, அண்ணை?"

"நெய் எண்டு போட்டிருக்கிறாங்கள்" என்றேன். அவர்களின் மொழியில் நெய் என்றால் இல்லை. புதிதாக வந்த காலத்தில் அந்தச் சொல்லை வைத்து நாங்கள் எல்லோரும் பகிடி விட்டுச் சிரித்திருக்கிறோம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"ஏன் எண்டு போடேல்லையோ?"

"காரணம் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை."

"வேறை ஒண்டும் போடேல்லையோ?"

"வேறை ஒண்டும் இல்லை."

அவர் கடிதத்தை வாங்கி, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். தேத்தண்ணி முடிந்தது. "போட்டு வாறன்" என்று எழுந்து போனார்.

மூன்று கிழமை என்பது இருபத்தொரு நாள். நான் ஒரு தாள் எழுதினால் போதும்: அன்று பிழையாக மொழிபெயர்த்தவன் நான், அந்தப் பெண் உண்மையைத்தான் சொன்னார். நாலு வரி. எழுதினேன். இரண்டாம் நாளே எழுதிவிட்டேன். உறைக்குள் போட்டு, முத்திரை ஒட்டி, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். புருசெத் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு தபால்பெட்டி. காலையும் மாலையும் அதைக் கடந்துதான் போகவேண்டும். போட்டால் என் பெயரைத் தொல்க் பட்டியலில் இருந்து வெட்டுவார்கள் என்பது நிச்சயம். பிள்ளைகளின் படிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை கிடைத்திருக்கும். சோதி தொல்க் என்ற பேர் கிடைத்திருக்காது. அதைத்தான் என்னால் விட முடியவில்லை. இருபத்தோராம் நாள் மழை பெய்தது. நான் கோட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன்.

யூன் மாதம் தூரிட் வடக்கே போனாள். கிராக் பேர்கனுக்குப் போனது. சேகரிப்பாளர் அதைச் சுட முடியாதபடி செய்து, கண்ணாடிக்குள் வைத்து, அடியில் ஆண்டு எழுதிய பித்தளைத் தகடு பதித்து, படம் எடுத்துத் தூரிட்டுக்கு அனுப்பினாராம்.

அதன் பிறகு மக்டலீன் கலியாண வீடுகளுக்கு நேரத்தோடு வரத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. 2008 செப்ரெம்பரில் ஒருநாள் ஞானமலர், "மக்டலீன் இப்பவும் அந்தக் காட்டுக்குள்ளைதான் போறாவாம். சுட விடமாட்டாங்களாம். குழிக்குள்ளை நிண்டு மட்டை ஒட்டுறாவாம்" என்றாள். அனுமதி மறுக்கப்பட்ட ஒருவரின் கையில் துவக்கைக் கொடுக்கக் கழகத்தாருக்குத் தயக்கம். புள்ளி காட்டுகிறவர் வயதாகி விலக, அந்த வேலையை மக்டலீன் கேட்டு வாங்கியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை ரொம்சோஸ் வரை ரயிலில் போய், வழி கேட்டுக் கேட்டுக் காட்டுக்குள் நடந்தேன்.

கோப்பி நேரம். சிவப்புக் கொடி இறக்கியிருந்தது. மட்டைகளுக்குக் கீழே கொங்கிறீட் குழிக்குள், ஒரு பேணிப் பசையும் தூரிகையும் சின்னச் சின்னக் கடதாசித் துண்டுகளுமாக மக்டலீன் நின்றார். ரவை துளைத்த ஓட்டைகளுக்கு ஒவ்வொன்றாகக் கடதாசி ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. "இறங்கி வாங்கோ அண்ணை. படி வழுக்கும்" என்றார்.

சொல்லிவிட்டேன். பெடியள் என்ற சொல்லை நான் என்னவென்று எடுத்தேன், என்ன சொன்னேன், கடிதத்தில் எதை மறைத்தேன், கோட்டுப் பைக்குள் என்ன இருந்தது, எல்லாம். அழுதும்விட்டேன். அவர் ஒட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கடை பெடியள் மூண்டு பேர்" என்றார் பிறகு. "ஒருத்தரும் இயக்கத்துக்குப் போகேல்லை அண்ணை. பெரியண்ணன் வயலுக்குப் போன இடத்திலை செல் குண்டு விழுந்து செத்தவர். மற்ற ரெண்டு பேரையும் ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. வரேல்லை. தூரிட்டின்ரை துவக்கு இருக்கே, அது அப்பான்ரை துவக்கு மாதிரியே மணக்கும், அந்த எண்ணெயும் மரமும். அதிலை கன்னத்தை வைச்சுக்கொண்டு படுத்தால், 'லீனா, மூச்சை விட்டிட்டு இழு' எண்டு பெரியண்ணன் பின்னாலை நிண்டு சொல்லுறது கேக்கும். வேறை துவக்கிலை கேக்கேல்லை."

"இப்பவும் எழுதலாம், மக்டலீன். நான் எழுதிக் குடுக்கிறன்."

"இப்ப எழுதி? அது கண்ணாடிக்குள்ளை கிடக்கு."

அவர் அடுத்த மட்டைக்குப் போனார்.

"அண்ணை, 'அல்ரி' எண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியாதோ? அப்பவே பதினாலு வருசம் இந்த நாட்டிலை வேலை செய்திருந்தனான். நீங்கள் சொல்லேக்கையே விளங்கினது. ஏதோ காரணத்தோடைதான் சொல்லியிருப்பீங்கள் எண்டு பேசாமல் இருந்தனான். கடிதத்தையும் உங்களிட்டைக் கொண்டுவாறதுக்கு முதல் தூரிட் வாசிச்சுக் காட்டிப்போட்டா."

"பிறகு ஏன் என்னட்டைக் கொண்டு வந்தனீங்கள்?"

அவர் தூரிகையைப் பேணிக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

"நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டுதான். தொல்க்கிலை பிழை எண்டு நாங்களே எழுதுவம் எண்டு தூரிட் துடிச்சவா. எழுதினா உங்கடை வேலை போயிடும் எண்டும் அவாதான் சொன்னவா. நான் வேண்டாம் எண்டிட்டன். அவர் தானா வருவார், பொறு எண்டு சொன்னனான். கடைசி நாள் லீவு போட்டிட்டு வீட்டிலை ரெலிபோனுக்குப் பக்கத்திலை இருந்தனான், அண்ணை. அண்டைக்கு மழை."

மேலே யாரோ விசில் அடித்தார்கள். கொடி ஏறியது. "இனி வெளியிலை போகேலாது. சுவரோடை நில்லுங்கோ" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். தலைக்கு மேலால் முதல் வெடி போனது. இருபது வருடத்துக்குப் பிறகு கேட்ட வெடி. அவர் மட்டையைக் கீழே இறக்கி, பசை தடவிய ஒரு துண்டுக் கடதாசியை என்னிடம் நீட்டினார்.

அன்று பின்னேரம் வரை அவர் பக்கத்தில் நின்று ஓட்டைகளுக்குக் கடதாசி ஒட்டினேன். ஒன்றுகூட அவர் சுட்டது இல்லை.